பெருந்தொற்று விட்டுச் சென்ற மன உறுத்தல்: மருத்துவப் பணியாளர்களின் கேள்விகளும் மனநல மருத்துவரின் பதில்களும்

கொரோனா வார்டுகளில் பணியாற்றியவர்கள் இன்னமும் சுமந்துகொண்டிருக்கும் வேதனையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு நான் எழுதிய சுருக்கமான பதிலைப் படித்துவிட்டு, மருத்துவத் துறையில் இருப்பவர்களே பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 2021 மே மாதம், நைட் டூட்டியில், ஆக்சிஜன் பைப்லைனில் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதிக வேகத்தில் ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் இருந்த ஒரு பெரியவரைச் சாதாரண மாஸ்க்குக்கு மாற்றச் சொன்னார் டூட்டி டாக்டர். அந்தக் கருவி இழுக்கும் ஆக்சிஜனை வேறு நான்கு பேருக்குக் கொடுக்கலாம் என்றார். மாற்றியவள் நான். "ஏம்மா எடுக்குற?" என்று கேட்டார். "கொஞ்ச நேரம்தான் ஐயா, சரி பண்ணிட்டுத் திரும்பப் போடுறோம்" என்று பொய் சொன்னேன். விடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். மாற்றிய நேரம் கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. "நீ சொன்னதைத்தானே செஞ்ச" என்று வீட்டில் சொல்கிறார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இது மனநோயா? இதை மறக்க வழி உண்டா? அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை மனநோய் என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளிக்குச் செய்ய வேண்டியது இன்னது என்று நன்றாகத் தெரிந்திருந்தும், இருக்கிற வசதியும் மேலிருந்து வரும் உத்தரவும் அதைச் செய்ய விடாதபோது மருத்துவப் பணியாளருக்கு ஏற்படும் வேதனையை அறத்துயரம் என்று தனியாகவே வகைப்படுத்துகிறார்கள். செவிலியர் பணியின் அறச்சிக்கல்களைப் பற்றி ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1984இல் எழுதிய நூலில்தான் இது முதலில் விளக்கப்பட்டது. செவிலியரை முன்வைத்து இது பேசப்பட்டதில் வியப்பில்லை. முடிவெடுப்பவர் ஒருவராகவும் அதை நிறைவேற்றுபவர் இன்னொருவராகவும் இருக்கும் பணி அது. முடிவு சொன்னவர் அடுத்த வார்டுக்குப் போயாக வேண்டும். நிறைவேற்றியவர் அதே கட்டிலருகே டூட்டி முடியும்வரை நின்றாக வேண்டும்.

அன்றிரவு டாக்டர் சொன்ன கணக்கு தவறானதில்லை. ஹை ஃப்ளோ கருவி உச்ச அளவில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை எடுத்துக்கொள்ளும். பை வைத்த மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். பைப்லைனில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், அதே குழாயை நம்பியிருக்கும் வென்டிலேட்டர் நோயாளிகள் அனைவருக்கும் ஆபத்து. தமிழ்நாட்டில் மே 21ஆம் தேதி மட்டும் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாதத்தில் இப்படிப்பட்ட கணக்கைப் போட நேர்ந்த வார்டு உங்களுடையது மட்டுமாக இருந்திருக்க முடியாது. ஆனாலும் கணக்கு சரியாக இருந்ததால் மனம் அமைதியடைந்துவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான்கு பேரைக் காப்பாற்றுவதற்காக ஒருவரிடமிருந்து எடுக்க நேர்ந்தால், அந்த ஒருவருக்கு நாம் கடன்பட்டிருந்தது அப்படியே நிலுவையில் நிற்கிறது. அதை உங்கள் மனம் சரியாகவே உணர்ந்திருக்கிறது.

வீட்டார் சொல்லும் ஆறுதல் ஏன் எடுபடவில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். "சொன்னதைத்தானே செஞ்ச" என்கிறபோது, அவர்கள் அன்புடன்தான் என்றாலும், உங்களை வெறும் ஏவலாளாக ஆக்கிவிடுகிறார்கள். நீங்கள் அப்படி நிற்கவில்லை. அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் உங்கள் காதில் இருக்கிறது. ஆகவே பொறுப்பே இல்லை என்று உங்களிடம் சொல்லிப் பயனில்லை. பொறுப்பு எப்படிப் பிரிந்து கிடந்தது என்று பார்ப்பதுதான் பயன் தரும். ஒரு மருத்துவமனைக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணித்து ஏற்பாடு செய்திருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். பற்றாக்குறை வந்தால் யாருக்கு முன்னுரிமை என்று எழுத்தில் விதி வகுத்துக் கொடுத்திருக்க வேண்டியவர்களும் இருந்தார்கள். 2020 மார்ச் 6ஆம் தேதி இத்தாலியின் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் அப்படியொரு பரிந்துரையை வெளியிட்டது. வயதை அளவுகோலாகக் கொண்டுவந்ததற்காக அது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது, அந்த விமர்சனத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் கட்டிலருகே தனியாக நிற்கும் மருத்துவரின் தலையில் முழுப் பாரமும் விழக்கூடாது என்பது தன் நோக்கங்களில் ஒன்று என அந்த ஆவணம் வெளிப்படையாகவே சொன்னது. உங்கள் வார்டில் அன்றிரவு எந்த விதியும் எழுத்தில் இல்லை. பலர் சுமந்திருக்க வேண்டியதை நீங்களும் அந்த டூட்டி டாக்டரும் இரண்டு பேராகச் சுமந்தீர்கள்.

நீங்கள் சொன்ன பொய்யைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனெனில் கடிதத்தில் உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரிடம் நள்ளிரவில் முழு உண்மையைச் சொல்லியிருந்தால் அவரால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்திருக்க முடியாது; பயம் மட்டுமே கூடியிருக்கும், பயம் கூடினால் மூச்சிரைப்பும் கூடும். என் கண்ணுக்கு அது ஏமாற்றாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் உங்களிடம் கொடுப்பதற்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். நோயாளியிடம் பொய் சொல்லக்கூடாது என்பதில் நீங்கள் உறுதியாக இருப்பவர் என்பதால் அது இன்னமும் உறுத்துகிறது.

மறக்க வழி கேட்டிருக்கிறீர்கள். மறக்க முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடக்கி வைத்தது ஒவ்வொரு நெருக்கடியிலும் முன்னைவிட வேகமாக மேலே வரும். செவிலியரிடையே இதை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு நிகழ்வும் ஓர் எச்சத்தை விட்டுச் செல்வதாகவும், அடுத்த துயரம் அந்த எச்சத்தின் மீதே ஏறி நிற்பதாகவும் கண்டிருக்கிறார்கள். அதனால் அன்றிரவை ஒருமுறையாவது முதலிலிருந்து கடைசிவரை ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த வார்டில் உங்களோடு இருந்த ஒருவராக அவர் இருப்பது நல்லது; முடிந்தால் அந்த டூட்டி டாக்டரே. அவரும் உங்களைப் போலவே யாரிடமும் சொல்லாமல் இருக்கக்கூடும். சொல்ல வாய் வரவில்லை என்றால் எழுதுங்கள். எழுதும்போது, அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதுங்கள். விடிந்த பிறகு தெரியவந்தவற்றைத் தனித் தாளில் வையுங்கள். பின்னால் தெரிந்ததைக் கொண்டு முன்னால் செய்ததைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை அந்த இரண்டு தாள்களும் உங்களுக்குக் காட்டும்.

அந்தக் குடும்பத்தைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஆறிவரும் ஒரு வீட்டில் நீங்களாகச் சென்று சொல்வது உங்கள் பாரத்தைக் குறைக்கலாம். அதே பாரம் அவர்கள்மேல் ஏறும். ஆனால் அவர்களாக என்றைக்காவது முறைப்படி வந்து கேட்டால், ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இத்துடன் தூக்கம் கெடுவது, அந்த வார்டின் பக்கமே போக முடியாமலிருப்பது, ஆக்சிஜன் ஓடும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால், அறத்துயரத்தோடு நோயும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் அலையின்போது தனியார் மருத்துவமனை ஒன்றில் இளநிலை மருத்துவராக இருந்தேன். கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்து உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று தெரிந்தே, சீனியர் சொன்னபடி மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நகையை அடகு வைத்து மருந்து வாங்கப் போனவர்கள் உண்டு. என்னால் அவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது. இதற்கும் கொரோனா வார்டுகளில் இருந்த செவிலியர்கள் படும் துயரத்துக்கும் வித்தியாசம் உண்டா?

பதில்: உண்டு, தம்பி. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் நடந்ததைச் சரியாக நினைவுபடுத்திக்கொள்வோம். நோய் நீடிக்கும் நாள்களை அந்த மருந்து குறைக்கலாம் என்று ஓர் ஆய்வு காட்டியிருந்தது. இறப்பைக் குறைப்பதாகப் பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில் தெரியவில்லை. 2020 நவம்பர் 20 அன்று, மருத்துவமனையில் இருக்கும் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆறு மாதம் கழித்து, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் சீட்டும் ஆதார் அட்டையும் கையில் வைத்துக்கொண்டு மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது, அங்கும் நெரிசல்தான். கடைசியில் நேரடி விற்பனையை நிறுத்திவிட்டு மருத்துவமனைகளுக்கே மருந்தைக் கொடுக்கும் முறையை அரசு கொண்டுவந்தது. வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது, நோய் பரவும் கூட்டத்துக்குள் இன்னொருவரை அனுப்பி வைத்த சீட்டு அது. உங்கள் வெட்கத்துக்குக் காரணம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

முதல் கடிதத்தை எழுதிய செவிலியரின் கையில் வேறு வழி இருக்கவில்லை. உங்கள் கையில் ஒரு சிறிய வழி இருந்தது. சீட்டை எழுதாமல் இருக்க முடியாது என்றாலும், "இது கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும் என்று நினைக்காதீர்கள், இதற்காகக் கடன் வாங்காதீர்கள்" என்று தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்ன இளம் மருத்துவர்களும் இருந்தார்கள். அதே சமயம், முதல் வேலையில், சீனியரை எதிர்த்தால் அனுபவச் சான்றிதழே கிடைக்காது என்ற நிலையில் இருந்த ஒருவரிடம் அந்தத் துணிவை எதிர்பார்ப்பதற்கும் எல்லை உண்டு. சான்று இல்லாத மருந்தைக் கேட்டு நச்சரித்த பொதுமக்களின் பதற்றமும், ஏதாவது செய்துகொண்டிருப்பதாகக் காட்ட விரும்பிய மருத்துவமனைகளின் வணிகமும் அதில் சேர்ந்திருந்தன. உங்கள் பங்கு சிறியது, ஆனால் உங்களுடையது. அதை ஒப்புக்கொண்டவருக்கு அடுத்து ஒரு வேலை இருக்கிறது. இன்று உங்களுக்குக் கீழே இளநிலை மருத்துவர்கள் இருப்பார்கள். "இந்த மருந்து ஏன் சார்?" என்று அவர்கள் கேட்கிறபோது கோபப்படாமல் காரணம் சொல்லும் சீனியராக இருங்கள். கேஸ் ஷீட்டில் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய அவர்களை அனுமதியுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அடுத்த பெருந்தொற்று எப்போது வந்தாலும் எங்கள் பணியாளர்கள் மனம் தளராமல் இருக்க, மீள்திறன் பயிற்சி முகாம் ஒன்றை ஒருநாள் நடத்தலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. தியானம், மூச்சுப் பயிற்சி, ஊக்க உரை ஆகியவை இருக்கும். வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். மூச்சுப் பயிற்சியால் கெடுதல் ஒன்றும் இல்லை; பலருக்கு அது தூக்கத்தைத் தருகிறது. ஆனால் முகாமில் எதைச் சேர்க்கலாம் என்பதற்கு முன், முகாமுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரட்டை டூட்டி பார்த்துவிட்டு வருகிறவரை உட்கார வைத்து மனத்தை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், தளர்ந்தது உன் குறை என்று சொல்வதாகவே அவர் காதில் விழும்.

இது என் மனத்தாங்கல் மட்டும் அன்று. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் கனடாவின் டொரொன்டோவைத் தாக்கியது. ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைகளின் பணியாளர்களை, சார்ஸ் நோயாளிகளே வராத ஹாமில்டன் நகரத்துப் பணியாளர்களோடு ராபர்ட் மாண்டர் என்ற மனநல மருத்துவரின் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. நோய் போய் அத்தனை காலமாகியும் டொரொன்டோ பணியாளர்களிடம் உளச்சோர்வும் மன உளைச்சலும் கூடுதலாக இருந்தன. நோயாளிகளோடு நேரடியாகப் பழகும் வேலையையும் வேலைநேரத்தையும் குறைத்துக்கொண்டவர்களும் அங்கே அதிகம். தங்களுக்குப் போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது. பணியாளரின் மீள்திறனில் பெரும்பகுதியை நிறுவனம்தான் கொடுக்கவோ பறிக்கவோ செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறேன். 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு மணிக்கணக்கில் வரிசையாக நின்றன. ஆம்புலன்ஸுக்கும் கட்டிலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். காத்திருப்பில்லாமல் உடனே உள்ளே எடுத்து ஆக்சிஜன் கொடுக்கும் தனி வார்டு அங்கே திறக்கப்பட்டபோது, காப்பாற்றப்பட்டவர்கள் நோயாளிகள் மட்டுமா? வாசலில் ஒருவர் மூச்சுத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய கொடுமையிலிருந்து பணியாளர்களும் காப்பாற்றப்பட்டார்கள். எந்த ஊக்க உரையும் அந்த வேலையைச் செய்திருக்காது.

நேர் எதிரான எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2020இல் கொரோனா பணிக்கென ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி, 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மாற்றுப் பணி தருவதாக அரசு பின்னர் அறிவித்தது. விதிமுறைப்படி அந்த முடிவுக்கு நிர்வாகக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் தேவைப்பட்டபோது தெய்வம் என்று புகழப்பட்டு, தேவை முடிந்ததும் விலக்கப்பட்ட ஒருவர், அடுத்த பெருந்தொற்றில் அதே ஈடுபாட்டுடன் வருவார் என்று யார் எதிர்பார்க்க முடியும்? வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே, அவர்களுடைய மனக்காயத்தின் ஆழத்தில் இருந்தது தலைமையின் துரோகம் என்று 1990களில் எழுதினார். மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

எனவே உங்கள் நிர்வாகத்திடம் நான் வேண்டுவது சில காரியங்களை. நெருக்கடியில் யாருக்கு முன்னுரிமை என்பதை முடிவுசெய்ய, அந்த நோயாளிக்குச் சிகிச்சை அளிக்காத மூத்தவர்கள் கொண்ட ஒரு குழுவை இப்போதே அமையுங்கள். இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசியில் கிடைப்பவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். கவச உடை, கூடுதல் ஊதியம், தொற்று வந்தால் விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். "இது சரியில்லை" என்று ஒரு நர்ஸ் சொன்னால் அவருக்கு மெமோ வராது என்பதை நடத்தையில் காட்டுங்கள். டீனும் மேலாளரும் வீடியோவில் நன்றி சொல்வதைவிட, கவச உடை போட்டுக்கொண்டு வார்டுக்குள் ஒரு சுற்று வருவது மேலானது.

பேசுவதற்கும் ஓர் இடம் வேண்டும். நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் நகர வழக்கறிஞரின் பெயரால், அங்கே ஒரு வழக்கம் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் என எல்லோரும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒன்றாக உட்காருகிறார்கள். சிலர் தாங்கள் மனம் கலங்கிய ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார்கள். மற்றவர்கள் தீர்வு சொல்லாமல், தீர்ப்பும் சொல்லாமல், கேட்டுத் தங்கள் மனத்தில் எழுவதைப் பகிர்கிறார்கள். உங்கள் ஒருநாள் முகாமுக்கு ஆகும் செலவில் இதை மாதந்தோறும் நடத்தலாம். ஒரு வேண்டுகோள்: தூய்மைப் பணியாளர்களைக் கட்டாயம் அழையுங்கள். சடலங்களைப் பையில் வைத்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களை எந்தப் பயிற்சி முகாமுக்கும் அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: என் மனைவி செவிலியர். 2020 ஏப்ரலில் கொரோனா டூட்டி முடிந்து வந்தவளை வீட்டு உரிமையாளர் மாடிப்படி ஏற விடவில்லை. அதே வாரம் சென்னையில் ஒரு டாக்டரை அடக்கம் செய்யவிடாமல் தடுத்த செய்தியைப் பார்த்து இரவெல்லாம் அழுதாள். இப்போது யார் நன்றி சொன்னாலும் எரிச்சல்படுகிறாள், சரியாகத் தூங்குவதில்லை, பேசுவதும் இல்லை. ஆலோசனைக்கு அழைத்தால், "ஆஸ்பத்திரியில தெரிஞ்சா வேலைக்கே ஆபத்து" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அந்தச் செய்தியை நானும் மறக்கவில்லை. நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்தார். அவர் உடலை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸைக் கூட்டம் கல்லால் அடித்து விரட்டியது. பிறகு சக மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர்கள் சிலரோடு சேர்ந்து, தாமே மண்ணைத் தள்ளி நள்ளிரவில் அவரை அடக்கம் செய்தார். மார்ச் 22ஆம் தேதி மாலை மருத்துவப் பணியாளர்களுக்காக நாடே கைதட்டி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இறுதிச் சடங்கைத் தடுப்பதைக் குற்றமாக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழக அரசு அதே மாதம் கொண்டுவந்தது. சட்டம் வந்தது, ஆனால் மாடிப்படியில் நிறுத்தப்பட்டவரின் மனத்தில் பட்டதை அது எடுத்துவிடவில்லை. உங்கள் மனைவிக்கு நன்றி என்ற சொல் கசப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கசப்பைத் திருத்த முயல வேண்டாம்.

அவருடைய பயமும் இந்தத் துறையில் பரவலானது. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது, மனநல உதவி கேட்டால் தொழிலே போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் பெயரிலேயே மருத்துவப் பணியாளர்களின் மனநலம் காக்கும் சட்டம் ஒன்று 2022 மார்ச்சில் அமெரிக்காவில் நிறைவேறியது. நம் நாட்டில், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும் உரிமையைச் சிகிச்சை பெறுபவருக்கு அளிக்கிறது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் வேண்டாம். வேறிடத்தில், முடிந்தால் பக்கத்து ஊரில், ஒரு மனநல மருத்துவரிடம் நீங்களும் உடன் செல்லுங்கள். நேரில் வர மறுத்தால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் கட்டணமில்லாத 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்களே முதலில் அழைத்து எப்படி நடந்துகொள்வது என்று கேட்டாலும் சொல்வார்கள்.

வீட்டில் அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நைட் டூட்டி முடிந்து வரும் நாளில் பிள்ளைகளையும் சமையலையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, அவர் பகலில் இடையூறின்றித் தூங்க வழிசெய்யுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காமல், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை, ஊசி மருந்துகளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.